கண்ணாடிக்குப் பின்னால் வாய் மூடாத ஆசிரியர்கள்

லைட் எரிந்தது.

அதுவரை அந்தச் சுவரில் இருந்தது முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஒன்றுதான். அதில் நானும் சஹ்னாவும் எங்கள் சின்ன மேசையும் தெரிந்தோம். லைட் எரிந்ததும் நாங்கள் காணாமல் போனோம். எங்கள் இடத்தில் ஒரு வரிசை ஆசிரியர்கள் நின்றார்கள்.

கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றார்கள். எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. எல்லோருடைய கன்னமும் ஒரு பக்கம் புடைத்திருந்தது. சத்தமே இல்லை, ஆனால் அத்தனை வாய்களும் ஒரே நேரத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

சஹ்னா இரண்டாம் ஆண்டுப் பிள்ளை. புத்தகத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்திருந்தாள். விரலை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர்," என்றாள் மெதுவாக, "கண்ணாடிக்குள்ள சேர்மார் இரிக்காங்க."

இருக்கத்தான் செய்தார்கள். டீச்சர்மாரும் இருந்தார்கள். அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று சொல்ல நான் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

ஒருவருக்கும் நோகாத விஷயம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் கல்யாணப் புரியாணி அடிப்பிடித்த கதையை எழுதினேன். மாமி வீட்டில் இன்னும் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. "இந்தக் கிழமையாவது ஒருத்தருக்கும் நோகாம எழுது புள்ள," என்று என் கணவர் கெஞ்சிக் கேட்டார். அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்திருக்கிறேன். அவரும் இதில் வருகிறார் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் நெடுங்காலம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்தவள். நான் வகுப்பில் கணக்குச் சொன்னால் கல்முனை பஸ் நிலையத்தில் நிற்பவர்களும் விடை எழுதலாம் என்று பகிடி பண்ணுவார்கள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் வாசிப்பில் பின்தங்கிப்போகும் பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுத்து, நாளுக்கு அரை மணி நேரம் தனியாக வாசிக்கப் பழக்கும் திட்டம். முதலில் அனுபவமுள்ள ஆசிரியர்களைப் பழக்குவார்கள். அவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தில் அதை முன்நின்று நடத்தி மற்ற ஆசிரியர்களைப் பழக்கவேண்டும்.

அனுபவமுள்ள ஆசிரியர் என்றால் யார்? பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே அது விடப்போகும் பிழை தெரிந்தவர். பிழையை விடும் முன்பே சரியானதைச் சொல்லிவிடுபவர். எங்களிடம் அது ஏராளமாக இருந்தது. அதைத்தான் முதலில் பிடுங்கினார்கள்.

"பிள்ளை நின்டா நீங்களும் நில்லுங்க"

எங்களைப் பழக்க வந்தவர் நுஸ்ரத் மேடம். கண்டிப் பக்கம். எங்கள் எல்லோரையும்விட வயதில் இளையவர், சத்தத்திலும் இளையவர். அவர் கதைப்பதைக் கேட்க நாங்கள் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னால் போகவேண்டியிருந்தது.

"பிள்ளை ஒரு சொல்லுல நின்டா நீங்களும் நில்லுங்க," என்றார் முதல் நாளே. "எடுத்துக் குடுக்காதீங்க. அது படத்தப் பாக்கட்டும், எழுத்தப் பாக்கட்டும், யோசிக்கட்டும். பொறுங்க."

"எவ்வளவு நேரம் பொறுக்கிற, மேடம்?" என்று கேட்டார் மஜீது சேர். சம்மாந்துறைக்காரர். சொந்தமாக வயலும் டிராக்டரும் உண்டு. பென்ஷனுக்குக் கிட்ட வந்தவர்.

"உங்களுக்குத் தாங்க ஏலாமப் போற வரைக்கும். அதுக்குப் பொறகு இன்னும் கொஞ்சம்."

மஜீது சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நெல் விளைவதற்குக் காத்திருப்பவருக்கு ஒரு சொல் வர இத்தனை நேரம் காத்திருக்க முடியாது என்பதை அந்த முகத்தில் கண்டேன்.

நான் வீட்டிலும் பழகிப் பார்த்தேன். ஒரு நாள் காலை என் கணவர் கடை திறக்கப் புறப்பட்டு நின்றார்.

"புள்ள, மோட்டார் சைக்கிள் சாவியக் கண்டயா?"

கண்டேன். அவருடைய சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்த முகத்தோடு பொறுத்தேன்.

"கண்டயா, இல்லயா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க? எங்க இரிக்கலாம்?"

"எனக்குத் தெரிஞ்சா உன்ன ஏன் கேக்கிறன்?"

"நல்லது. இப்ப முதல்ல எங்க பாக்கலாம்?"

அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அரிசி வாளியைப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "உங்கட உம்மாக்கு இரவு காய்ச்சல் அடிச்சதா?" என்று விசாரித்தார். கடைசியில் குனியும்போது சாவி தானாகக் கீழே விழுந்தது. தானாகக் கண்டுபிடித்தால் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். அவருக்கு வந்ததை மலர்ச்சி என்று சொல்ல முடியாது. அன்று பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

வேன் கண்ணாடி

இந்தப் பயிற்சியில் ஒரு முறை இருக்கிறது. ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுப்பார். மற்ற ஆசிரியர்கள் அடுத்த அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். பிள்ளையின் பக்கம் அது முகம் பார்க்கும் கண்ணாடி, எங்கள் பக்கம் ஜன்னல். பிள்ளை எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று மேடம் கேட்கக் கேட்க நாங்கள் மெதுவாகக் கதைக்கவேண்டும்.

அப்படியொரு கண்ணாடிக்கு எங்கே போவது? மஜீது சேர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேன்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டுகிறவர். "இத ஒட்டினா உள்ளுக்க ஆரு இரிக்காங்க எண்டு பொலிசுக்கும் தெரியா, டீச்சர்," என்று உத்தரவாதம் தந்துவிட்டு இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்.

நன்றாகத்தான் ஒட்டினார். ஆனால் நாங்கள் நிற்கும் அறை இருட்டாக இருக்கவேண்டும். அங்கே லைட் போட்டால் எல்லாம் தலைகீழ், பிள்ளைக்கு நாங்கள் தெரிவோம். அந்த அறையில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச்.

அப்படியென்றால் பல்பைக் கழற்றினால் ஆயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்களும் அதையே சொன்னோம். அந்த விளக்கு முகட்டுக்குக் கிட்ட இருந்தது. பள்ளிக்கூடத்து ஏணி நோன்புக்கு முன் வெள்ளையடிக்கப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தது. நோன்பும் முடிந்து பெருநாளும் முடிந்தது, ஏணி மட்டும் வரவில்லை. அல்லாஹ்வின் வீட்டில் போய் ஏணியைத் தா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆகவே இருட்டு, காற்றில்லை, கதவும் பூட்டு. அரிசி ஆலையில் நெல் அவிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு சூடு முகத்தில் அடிக்குமே, அதுதான். நாங்கள் அபாயாவிலும் கௌரி டீச்சர் சேலையிலும் அவிந்தோம்.

எருமை

கௌரி டீச்சர் விநாயகபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். முதல் பாடம் அவருடையது. அவருக்குக் கிடைத்த பையன் எருமை என்ற சொல்லில் நின்றான். கௌரி டீச்சர் பொறுத்தார். பையன் படத்தைப் பார்த்தான். கௌரி டீச்சர் இன்னும் பொறுத்தார். என்ன பொறுமை என்று நாங்கள் உள்ளே நின்று வியந்துகொண்டிருக்கும்போதே என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது.

"எருமைடா மனே, எருமை!"

மஜீது சேர். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.

பையன் பயப்படவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "எருமை," என்று பணிவாகச் சொன்னான். பிறகு பக்கத்தைப் புரட்டி, புத்தகத்தைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்து அடுத்த சொல்லைக் காட்டினான்.

மறுநாள் காலையில் இரண்டு மூன்று உம்மாமார் வாசலில் வந்து நின்றார்கள். "டீச்சர், கேட்டாச் சொல்லித் தார கண்ணாடி ஒண்டு இரிக்காமே? அஞ்சாம் ஆண்டுப் புள்ளைகளுக்கும் ஒருக்காத் தருவீங்களா?"

அதற்குப் பிறகு நுஸ்ரத் மேடம் ஒரு பை டொபி வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே போகும்போது ஆளுக்கொன்று வாயில் போடவேண்டும். டொபி கரையும் வரை கதைக்கக் கூடாது. மேடம் கேட்டால் மட்டும் கன்னத்துக்குத் தள்ளிவிட்டுப் பதில் சொல்லலாம். சீனி வருத்தக்காரர்களுக்கு வேறு டொபி. இப்படித்தான் எங்கள் வலயத்தின் மூத்த ஆசிரியர்கள் கன்னம் வீங்கியவர்கள் ஆனார்கள்.

எனவே பிள்ளைகளே

பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்களையும் நாங்களேதான் எழுதினோம். பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். மேடம் வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். எல்லாக் கதையும் கடைசிப் பக்கத்தில் "எனவே பிள்ளைகளே" என்று முடிந்திருந்தது. பூனை பால் குடித்த கதையில்கூட இருந்தது, அது நான் எழுதியது.

எல்லாவற்றையும் வெட்டினார். மஜீது சேர் தன் புத்தகத்துக்காக மட்டும் நெடுநேரம் வாதாடினார். மழைக்கு ஒரு ஆடு டிராக்டருக்குக் கீழே ஒளிகிற கதை. "மேடம், அந்தப் புத்திமதி இல்லாட்டி புள்ளைகள் டிராக்டருக்குக் கீழ போய் ஒளிஞ்சிரும்." மேடம் அசையவில்லை. அந்தப் புத்தகம்தான் என் கடைசிப் பாடத்துக்கு வந்தது.

சஹ்னா

சஹ்னா சாய்ந்தமருதுப் பிள்ளை. வாப்பா மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு நாவிதன்வெளிப் பக்கம் விற்கப் போகிறவர். நல்ல சூட்டிகையான பிள்ளை. அவ்வளவு சூட்டிகை என்பதால்தான் அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

அவள் புத்தகத்தைப் பார்க்கமாட்டாள். வாயைப் பார்ப்பாள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது பக்கத்துப் பிள்ளையின் வாய் எப்படிப் போகிறதோ அப்படியே இவள் வாயும் போகும், ஒரு நூல் பிந்தி. டீச்சர் தனியாகக் கேட்டால் டீச்சரின் வாயைப் பார்ப்பாள். நாங்கள்தான் பிள்ளை நின்றதும் வாயைத் திறந்துவிடுவோமே. அவளுக்கு அது போதும்.

என்னிடம் வந்த முதல் நாட்களில் என் வாயை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, பல் வைத்தியர்கூட அப்படிப் பார்த்ததில்லை. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பொறுத்தேன். அவள் பார்த்தாள். நான் பொறுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண் கீழே இறங்கிப் புத்தகத்துக்குப் போனது. ஒரு சொல், பிறகு ஒரு வரி. ஆனாலும் கஷ்டமான சொல் வந்தால் கண் மேலே ஏறி என் வாய்க்கு வந்துவிடும்.

அன்று முடிவான பாடம். சஹ்னா முன்பின் காணாத ஒரு புத்தகத்தை ஒருவரும் எடுத்துக் கொடுக்காமல் வாசிக்கவேண்டும். ஒரு சொல்லை யாராவது சொன்னாலும் பாடம் செல்லாது. பாடம் செல்லாவிட்டால் நான் ஐந்தாம் ஆண்டுக்கே திரும்பவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்த அரை மணி நேரத்தை நடத்த வேறு ஆளில்லை, அதோடு அது நின்றுபோகும். சஹ்னா வகுப்பின் கடைசி வாங்குக்குப் போய் மறுபடியும் வாய்களைப் பார்க்கத் தொடங்குவாள். எனக்கு அது நினைக்கவே பொறுக்கவில்லை. அவளை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டிருந்தது.

டிராக்டருக்குக் கீழே

நன்றாகத்தான் போனது. வானம் கறுத்தது, காற்று அடித்தது, மழை வந்தது. விரல் ஒவ்வொரு சொல்லாகத் தாண்டிக்கொண்டு போனது. கடைசிக்கு முந்திய பக்கம் வந்தது.

"ஆடு டிராக்டருக்குக் கீழே நின்டது," என்று படத்தைப் பார்த்து வாசித்தாள்.

விரல் அந்தச் சொல்லிலேயே நின்றது. அவள் அதை உற்றுப் பார்த்தாள். "இல்ல," என்றாள்.

அந்த "இல்ல"வுக்காகத்தான் நான் அத்தனை மாதமும் பாடுபட்டேன். ஒருவரும் பிழை என்று சொல்லாமல் அவளே கண்டாள். எனக்கு எழும்பிக் கத்தவேண்டும் போலிருந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவள் யோசித்தாள். கண் புத்தகத்திலிருந்து எழும்பியது. மெதுவாக என் வாயைத் தேடி வந்தது. நான் அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் லைட் எரிந்தது.

அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு கௌரி டீச்சர் சொன்னார். மஜீது சேருக்குத் தான் எழுதிய சொல்லில் பிள்ளை நிற்பதைத் தாங்க முடியவில்லையாம். வேர்வை, இருட்டு, வாய்க்குள் டொபி, நெஞ்சுக்குள் அந்தச் சொல். மயக்கம் வருவது போலிருக்க, சுவரைத் தடவிப் போய்ச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அவர் இன்றுவரை சொல்வது ஒன்றுதான். "நான் ஃபேனத்தான் போட்டன். லைட்ட ஆரு போட்ட எண்டு எனக்குத் தெரியா."

ஆக, வாய்களைப் பார்த்து வாசிக்கிற பிள்ளைக்கு முன்னால் ஒரு சுவர் முழுக்க வாய்கள். அத்தனையும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தம்தான் தடை, வாய் அசைவதை யாரும் தடை செய்யவில்லை. லைட் எரிந்ததுகூட அவர்களுக்கு உறைக்கவில்லை. மஜீது சேர் மட்டும் சுவிட்சில் ஒரு கையும் கண்ணாடியில் ஒரு கண்ணுமாக நின்றார், அவருடைய வாய்தான் எல்லாவற்றிலும் பெரிதாகத் திறந்திருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். யா அல்லாஹ், எல்லாம் முடிந்தது.

சேர்மார் இருக்கிறார்கள் என்று என்னிடம் சொன்ன சஹ்னா, இன்னொருதரம் அவர்களைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். இறங்கித் தன் கதிரையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டாள். புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"ஆருமே சொல்லாதீங்க," என்றாள். "நான் பாக்கிறன்."

பிறகு ஒரு கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனாலும் பொத்தினாள். அந்தச் சின்னக் கையில் இடைவேளைக்குத் தின்ற வாய்ப்பன் எண்ணெய் வாசம் இருந்தது. மற்றக் கையின் விரலைச் சொல்லில் வைத்துக் குனிந்தாள்.

"ஒ... ஒளி... ஒளிஞ்சிட்டு!" விரல் சொல்லின் கடைசிக்குப் போனது. "இல்ல. ஒளிந்தது. ஆடு டிராக்டருக்குக் கீழே ஒளிந்தது."

கடைசிப் பக்கத்தையும் வாசித்து முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து கையை எடுத்தாள். கை நனைந்திருந்தது. அதைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, "டீச்சர், ஏன் அழுறீங்க?" என்று கேட்டாள்.

தீர்ப்பு

நுஸ்ரத் மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள், மஜீது சேர் கடைசியாக.

"டீச்சர்ட பாடம் செல்லும்," என்றார் மேடம். "பிள்ளை தானாத்தான் வாசிச்ச." பிறகு திரும்பினார். "கண்ணாடிக்குப் பின்னால நின்ட நீங்க எல்லாரும் பெயில்."

"மேடம், நாங்க கதைக்கவே இல்லயே!" என்றார் கௌரி டீச்சர்.

"கதைக்கல்ல. சொன்னீங்க."

மஜீது சேர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"சோதனைய இப்பவே திரும்பச் செய்யலாம்," என்றார் மேடம். "மகள், அந்தப் புத்தகத்த இவங்களுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுவீங்களா?"

சஹ்னா எல்லோரையும் முன்னால் இருத்தினாள். கதிரை போதாமல் சிலர் தரையில் இருந்தார்கள். அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். வானம் கறுத்தது, காற்று அடித்தது. ஆடு டிராக்டருக்குக் கீழே வரை வந்து நின்றுவிட்டாள்.

தெரிந்த சொல். சற்று முன்னர்தான் வாசித்தாள். அவள் வேண்டுமென்றேதான் நின்றாள் என்று நான் இப்போதும் சொல்வேன்.

கௌரி டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மஜீது சேர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார், கழுத்து நரம்பு புடைத்து நின்றது. சஹ்னா அவசரப்படவில்லை. வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு வாயும் அசையவில்லை.

"ம்," என்று தலையை ஆட்டினாள். "எல்லாரும் கெட்டிக்காரப் புள்ளைகள்."

பிறகு அந்தச் சொல்லை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.